லாரியை நிறுத்துபவன் தூணிடம் தோற்ற கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாக ஆடும் மேசை விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டுக் கூடி உட்கார்ந்து கதை சொல்லி விளையாடுவது நல்லது என்றதெல்லாம் சரி. ஆனால் பகடைதான் கதையைக் கெடுக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடலாம் என்று முடித்திருந்ததை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் காரைக்குடியில் கணக்கு டியூஷன் எடுப்பவள். ஞாயிறு மத்தியானம் அண்ணன் மகனும் டியூஷன் பிள்ளைகள் மூன்று பேரும் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து இதைத்தான் ஆடுகிறார்கள், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். (ஆத்தங்குடிக் கல்லில் பகடை நிற்காது, உருண்டு முற்றத்து வாய்க்காலுக்குப் போய்விடும், அதனால் பித்தளைத் தாம்பாளத்தில்தான் உருட்டுவோம். அந்தச் சத்தத்துக்கு அப்பத்தா திட்டுவது தனிக்கதை.)

முதலில் ஆடியது 2002-ல் வந்த மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ். ஹீரோ நினைத்தது நடக்குமா என்பதைச் சொல்வது 20 முகப் பகடை, எந்த எண்ணும் விழ 5 சதவீதம். அண்ணன் மகனுடைய ஹீரோ, ஓடுகிற லாரியை ஒற்றைக் கையால் நிறுத்துபவன். பழைய வீடுகளில் தேக்குத் தூண் திருடும் கும்பல் ஒரு தூணைச் சாய்த்துவிட, வாட்ச்மேன் அடியில் மாட்டிக்கொண்டார். தூக்குகிறேன் என்றான். நானும் யோசிக்காமல் உருட்டச் சொன்னேன். விழுந்தது 1, இருப்பதிலேயே சின்ன எண். அசையவில்லை என்றேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "அத்தை, இவன் லாரியையே நிறுத்துறவன்தானே?" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் தன் ஹீரோவின் விவரம் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டான், அன்றைக்கு ஆட்டம் அத்தோடு சரி.

அது பகடையின் தப்பு இல்லை, என் தப்பு. அவன் தூணைத் தூக்குவான், அதில் சந்தேகமே இல்லை. அவன் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் கும்பல் வண்டியேறித் தப்புமா என்பதல்லவா நான் பகடையிடம் கேட்டிருக்க வேண்டியது? நெருக்கடி இல்லாத வேலைக்கு உருட்டாமலே 10 விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றும், ஹீரோ பாயின்ட் என்று கையிருப்பில் இருக்கும் புள்ளி ஒன்றைச் செலவழித்து மறுபடி உருட்டலாம் என்றும் அந்த ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. நான்தான் மேலோட்டமாகப் படித்திருந்தேன்.

அடுத்த வாரம், கட்டுரையாளர் இப்போது சொல்கிற பக்கம்தான் நானும் சாய்ந்தேன். நோட்டை நிறுத்தி மறைத்துக்கொண்டு உருட்டினேன், என்ன விழுந்தாலும் கதைக்குத் தோதாகச் சொன்னேன். இரண்டு வாரம் ஜோராகப் போனது. மூன்றாவது வாரம் ஒரு பெண், "மிஸ், நீங்க போட்டதைக் காட்டவே மாட்டேங்கறீங்களே" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் எந்த வில்லனுக்கும் அவர்கள் பயப்படவில்லை. எப்படியும் மிஸ் காப்பாற்றிவிடுவார்கள் என்று தெரிந்துவிட்டதே!

அப்பத்தாவோடு தாயம் ஆடியிருக்கிறீர்களா? காய் இறங்க 1 விழ வேண்டும். கட்டைக்கு 0, 1, 2, 3 என்று நான்கு பக்கம், இரண்டு கட்டை, ஆக 16 வகையில் 2-ல்தான் தாயம். விழாதவரை அடுத்தவர் காய் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். தாயத்தில் அதுதான் ருசி, ஏனென்றால் அது பந்தயம். கதையில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதைப் போல அலுப்பு வேறு கிடையாது.

இப்போது ஆடுவது 2016-ல் வந்த மாஸ்க்ஸ் என்ற சூப்பர் ஹீரோ ஆட்டம். சாதாரணப் பகடை இரண்டு போதும், வீட்டு லூடோவில் இருந்தே எடுத்துக்கொண்டோம். கூட்டுத்தொகை 10-ஓ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6-ஓ அதற்குக் கீழோ வந்தால் கேம் மாஸ்டர் கை ஓங்கும், ஆனாலும் தோற்றவருக்கு அனுபவத்தில் ஒரு புள்ளி சேரும். கணக்குப் போட்டால் 36-ல் 6 முழு வெற்றி, 15 விலையோடு, 15 தோல்வி. ஹீரோவின் திறமைக்காகக் கூட்டிக்கொள்ள +2 இருந்தால் அப்படியே தலைகீழ், 15 முழு வெற்றி, 6-தான் தோல்வி. அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறைவதில்லை. கோபம், பயம், குற்றவுணர்ச்சி போன்ற ஐந்து மனநிலைகளில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். போன வாரம் அண்ணன் மகனுக்கு 8. கும்பலின் வண்டியை நிறுத்திவிட்டான், ஆனால் உள்ளே இருந்த நூறு வருஷத் தூண் இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்த வீட்டு ஆச்சியிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். இருட்டும்வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், பகடையை யாரும் தொடவில்லை.

அப்பத்தா மட்டும் தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இம்புட்டு நேரம் உருட்டுறீகளே, எப்பத்தான் பழம் எடுப்பீக?" என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி