தூங்கும் முன் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று புலம்பும் பெற்றோரில் நானும் ஒருவன். “நீங்கள் மட்டும் படிக்கிறீர்களாப்பா?” என்று மகள் கேட்டபோது என் கையில் இருந்தது கைபேசி. அன்று முதல் அவள் தூங்கும் முன் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுகிறேன். களைத்துப்போன நாள்களில் இரண்டு பக்கம்தான். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், அலுப்பு எனக்குத்தான். ஒரு வரியைத் தாண்டினால் உடனே பிடித்துவிடுகிறாள்! புதுச் சொற்கள் மனத்தில் தங்குவது அப்படித்தான். பிறந்தது முதலே வாசித்துக் காட்டலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-லேயே பரிந்துரைத்தது. நடுவில் கேள்வி கேட்டுச் சோதிப்பது மட்டும் வேண்டாம். ஒருமுறை அப்படிச் செய்தேன். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

- ஒரு தந்தை