வீட்டுப் படிப்பும் மாட்டுப் பட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பது பற்றி மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இப்போது பேச்சு அடிபடுகிறது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்ததும், 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் முடங்கியதும் இந்தப் பேச்சை வளர்த்துவிட்டன. கூடவே, "ஒரு மாடும் பத்துக் கோழியும் நாலு பாத்தி மரக்கறியும் இருந்தால் போதும், பிள்ளைகள் அதிலேயே எல்லாம் படித்துக்கொள்வார்கள்" என்றும் சிலர் சொல்லிவிடுகிறார்கள். ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதை எழுதவே இக்கடிதம்.

இடம் போதாது என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். தோட்ட வீட்டுத் திட்டங்களில் பலருக்குக் கிடைத்த ஏழு பேர்ச்சஸ் காணி என்றால் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு, மலசலகூடம், வடிகாண், நடைபாதை போக மிஞ்சுவது சுமார் 100 சதுர மீற்றர். ஒரு மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் நீளத்தில் பத்துப் பாத்தி அதில் போடலாம். எட்டுப் பேருக்குக் கீரையும் வெங்காயத்தாளும் போஞ்சியும் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். உண்மையில் போதாமல் போவது நேரம்தான்.

மாட்டை எடுத்துக்கொள்வோம். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். அது ஏழு பேர்ச்சஸில் விளையாது. தோட்டத்து ஓடையோரத்திலோ ரோட்டோரத்திலோ அறுத்து, இரண்டு கட்டாகத் தலையில் சுமந்துவர வேண்டும். களைகொல்லி அடித்த மலையில் அறுக்கக்கூடாது என்பதால் நடையும் கூடும். புல்லுக்கு இரண்டு மணித்தியாலம், காலையும் மாலையும் கறக்க ஒரு மணித்தியாலம், பட்டி கழுவிச் சாணம் அள்ள அரை மணித்தியாலம், பாலைச் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவர அரை மணித்தியாலம். நாலு மணித்தியாலம் போய்விட்டது. மழை நாளில் ஐந்து. அப்பாவும் அம்மாவும் கொழுந்துக்கோ கூலி வேலைக்கோ போகும் வீட்டில் இந்த நேரத்தை யார் கொடுப்பது? மூத்த பெண்பிள்ளைதான் கொடுக்கிறாள். அதே பிள்ளைதான் தம்பி தங்கைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டுப் படிப்பு நன்றாக நடக்கிறது என்று பெருமைப்படும் வீட்டில் அவளுடைய கொப்பியை ஒருமுறை வாங்கிப் பார்த்தால் உண்மை தெரியும்.

ஆகவே வீட்டில் படிப்பிக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு தாளில் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரும் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று குறிக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழே அரை மணித்தியாலம், அதற்கு மேலே ஒரு மணித்தியாலம், சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஆறு பிள்ளைகளிடம் பெரும்பாலும் நாலு மணித்தியாலம்கூடத் தேறாது. பாத்திகளுக்கு ஒன்றரை, கோழிக்கு அரை, சமையலுக்குக் கூடமாட உதவ ஒன்று. இதற்குள் மாடு நுழையாது. பெரியவர் ஒருவர் முழுநேரமும் வீட்டில் இருந்தால் மட்டுமே மாடு வாங்கலாம்.

கோழி அப்படியல்ல. கொடுக்கும் வேலையைவிடப் படிப்பிப்பது அதிகம். முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 115 கிராம் தீனி தின்னும். ஆறு கோழிக்கு 690 கிராம். நாளுக்கு நாலு முட்டை கிடைத்தால் ஒரு முட்டைக்கு 172.5 கிராம் தீனி. இரண்டாகக் குறைந்தால் 345 கிராம். அன்றைய தீனி விலையையும் கடை முட்டை விலையையும் வைத்து, எந்த இடத்தில் நட்டம் தொடங்குகிறது என்று தரம் 7 பிள்ளையே கண்டுபிடிக்கலாம். கொப்பியில் திகதி, தீனி, முட்டை என்று மூன்று நிரல் போதும். ஒரு மாதம் ஆனதும் அதிலேயே சராசரியும் வரைபும் வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் பக்கத்து ஈரத்தில் தரையோடு கூடு கட்டினால் கீழே போட்ட மரத்தூள் நனைந்து, குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். கூட்டை இரண்டடி உயரத்தில் வைத்து, காற்று வரும் பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் மூடுவதால்தான் உள்ளே ஈரம் தேங்குகிறது.

மரக்கறியில் பெரும்பாலும் நடப்பது, எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டுவிடுவது. வரிசைக்கு வரிசை 50 சென்றிமீற்றர், கன்றுக்குக் கன்று 40 சென்றிமீற்றர் என்றால் ஒரு பாத்திக்கு 24 கோவா (முட்டைக்கோஸ்). அத்தனையும் ஒரே கிழமையில் முற்றி, ஒரு பெருமழையில் வெடித்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆறு கன்று நட்டால் வீட்டுக்கு அளவாக வரும். எப்போது நட்டது எப்போது முற்றும் என்று நாட்காட்டியில் குறிப்பதைச் சின்னப் பிள்ளையிடம் விடலாம். கரட்டைப் பிடுங்கி நடக்கூடாது, வேர் கிளைத்துவிடும். பச்சைச் சாணம் போட்டாலும் அதே கதிதான். விதையை நேரே தூவி, மூன்று கிழமையில் ஐந்து சென்றிமீற்றருக்கு ஒன்றாகக் களைய வேண்டும். களைவதற்குச் சிறு விரல்கள்தான் வசதி. ஆனால் எது கரட், எது களை என்று முதலில் இலையைக் காட்டாமல் விட்டால் பாத்தி மொட்டையாகிவிடும்.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கோவா, நோக்கோல், ராபு (முள்ளங்கி) மூன்றையும் மாறி மாறி ஒரே பாத்தியில் போடுவது பயிர்மாற்றம் ஆகாது. மூன்றும் ஒரே குடும்பம். செடி வெயிலில் வாடி மாலையில் தேறினால் பிடுங்கிப் பாருங்கள். வேர் கழலை கழலையாக வீங்கியிருந்தால் அந்தக் கிருமி மண்ணில் பல வருடம் இருக்கும். அந்தப் பாத்தியில் போஞ்சி, கரட், லீக்ஸ் என்று வேறு குடும்பப் பயிராகவே போட வேண்டும், அங்கே பாவித்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறக்கக்கூடாது. புளித்த, அதாவது அமிலம் கூடிய மண்ணில்தான் இது தலைவிரித்தாடும். தேயிலை நின்ற மண் என்றால் புளிப்பைக் கேட்கவே வேண்டாம். அந்தப் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூளான டொலமைட்டை, சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் வீதம், நடுவதற்கு மூன்று கிழமை முன்னரே கொத்திக் கலக்கிவிட வேண்டும். அதையும் எருவையும் ஒரே நாளில் போட்டால் எருவிலுள்ள நைதரசனில் ஒரு பங்கு அமோனியாவாகப் பறந்துவிடலாம். விஞ்ஞானப் பாடத்தில் அமிலம், காரம் வரும்போது இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. புளிப்பைச் சோதித்துப் பார்க்க pH தாள் போதும்.

சரிவான நிலத்தில் பாத்தியைச் சமமட்டக் கோட்டில் வெட்டாவிட்டால் ஒரு மழைக்கே மேல்மண் ஓடையில்தான் இருக்கும். மட்டம் பார்க்க A எழுத்து வடிவில் ஒரு சட்டம் கட்டலாம்: இரண்டு மீற்றர்க் கம்பு இரண்டு, குறுக்கே ஒரு மீற்றர்க் கம்பு ஒன்று, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு குறி, கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு குறி, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது. நூல் அந்த நடுக்குறியில் நிற்கும் இடமெல்லாம் இரண்டு காலும் ஒரே மட்டம். ஏன் நடுவில் என்பதற்கு இருசமபக்க முக்கோணிதான் விடை.

இனி நேரசூசி. மலையில் பல மாதங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மழையோ பனிமூட்டமோ இறங்கிவிடும். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறையில் அப்போதே விளக்குப் போட வேண்டும். வெளிவேலைக்கும் காலைதான், கணக்குக்கும் காலைதான். இரண்டு அணியாகப் பிரிப்பதே வழி. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை மூத்த பிள்ளைகள் புத்தகத்தில், சின்னவர்கள் வீட்டிலிருக்கும் பெரியவரோடு வெளியே, அவரவர் வேலை நேரம் போக மிச்சம் விளையாட்டு. பிறகு மாறவேண்டும். பிற்பகல் வாசிப்பு, சொல்வதெழுதல், சித்திரம். ஒரே மேசையில் ஆறு தரத்துக்கு ஆறு பாடம் எடுக்க யாராலும் முடியாது. கணிதமும் மொழியும் தரம் தரமாக, சுற்றாடலும் வரலாறும் எல்லோருக்கும் ஒன்றாக என்று வைக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூத்தவள் சொல்லிக்கொடுப்பது நாளுக்கு நாற்பது நிமிடத்தைத் தாண்டக்கூடாது, அந்த நேரத்தை அவளுடைய வேலைக் கணக்கிலேயே கழிக்க வேண்டும். இரண்டாம் மொழிச் சிங்களம் மட்டும் மேசையில் வராது. ஞாயிற்றுச் சந்தைக்கு மிஞ்சிய கீரையோடு பிள்ளையை அனுப்பினால் வரும்.

கடைசியாக, அவசரப்பட்டுப் பாடசாலை விடுகைப் பத்திரம் எடுத்துவிடாதீர்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016இலிருந்து நடைமுறை. முதலில் வலயக் கல்விக் காரியாலயத்தில் பேசுங்கள். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் அடையாள அட்டை வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் ஊடாக நடக்கும் அந்த வேலையை, இவர்கள் தோட்டத்தில் இருந்தால் தோட்ட அத்தியட்சகர் ஊடாகவும், மற்றவர்கள் கிராம உத்தியோகத்தர் ஊடாகவும் செய்ய வேண்டும். பதினைந்து வயது நிரம்பியதுமே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரெழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்தவே மாதக்கணக்கில் இழுக்கும்.

இங்ஙனம்,
வாசகர்,
வெலிமடை