மலை வண்டிகளின் மாற்றங்களும் எஃப்.சி. சோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையடிவாரத்தில் ஜீப் பட்டறை நடத்திவருபவன் என்ற முறையில், கரடுமுரடான பாதைகளுக்கான வாகனங்களில் வெளியில் வாங்கிய உதிரிபாகங்களைப் பொருத்துவது பற்றியும், அந்த வண்டிகள் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) செல்லும்போது நடப்பது பற்றியும் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

வாடகை ஜீப்புகள் குறித்த காலத்துக்கு ஒருமுறையும், சொந்தப் பயன்பாட்டு வண்டிகள் 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்கு முந்தைய நாள் மாலை இத்தகைய வண்டிகள் பட்டறைக்கு வந்துவிடும். கூரைமேல் இருக்கும் எல்.இ.டி. விளக்குப் பட்டை கழற்றப்படும். முன்பக்கத்து இரும்புக் கம்பிக் கூண்டு இறங்கும். அகன்ற டயர்கள் போய்க் கம்பெனி டயர்கள் ஏறும். இதற்கென்றே பழைய கம்பெனி டயர்களை அடுக்கி வைத்து வாடகைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சான்று கைக்கு வந்த மறுநாளே கழற்றியதெல்லாம் மீண்டும் ஏறிவிடும். வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) எவ்வளவு நேர்மையாகவும் நுணுக்கமாகவும் பார்த்தாலும், மலையில் ஓடப்போகும் வண்டியை அவர் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

சட்டம் இதில் கடுமையாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. முன்பக்கக் கம்பிக் கூண்டுகள் சட்டவிரோதமானவை என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் கூண்டுகள் கடை வாசலில் தொங்குகின்றன.

இந்த மாற்றங்கள் எல்லாமே வெறும் அலங்காரம் என்றோ, எல்லாமே ஆபத்து என்றோ நான் சொல்ல மாட்டேன். ஆபத்தானவை எந்த வகையில் ஆபத்தானவை என்பதை வண்டி வைத்திருப்பவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதே என் குறை. 2020இல் வெளிவந்த மஹிந்திரா தார் (Thar) ஜீப்பின் 255/65 ஆர் 18 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் ஏறக்குறைய 789 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 33 அங்குல டயரைப் போட்டால் விட்டம் சுமார் ஆறு சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தி அமைக்காவிட்டால், அது 80 என்று காட்டும்போது வண்டி 85இல் ஓடிக்கொண்டிருக்கும். இது சிறிய விஷயம்தான். பெரிய விஷயம் என்னவென்றால், பிரேக் மிதியை அதே அழுத்தத்தில் மிதித்தாலும் டயர் தரையைப் பற்றி நிறுத்தும் விசை அதே ஆறு சதவீத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினால் வண்டியைப் பிடித்து இறக்கும் பலமும் அதற்கேற்பக் குறைகிறது. டயரின் கூடுதல் எடை வேறு. சமவெளிச் சாலையில் இதை உணரவே முடியாது. போடிமெட்டிலிருந்து முழுச் சுமையோடு இறங்கும்போது ஓட்டுநரின் கால் உணரும்.

வண்டியின் உயரத்தைக் கூட்டுவது இன்னும் சிக்கலானது. ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றிவிட்டு, ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்), ஸ்டீயரிங் கோணம் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உயர்த்திய வண்டியொன்றை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்: வளைந்து தளர்வாக இருக்க வேண்டிய ரப்பர் ஹோஸ், நாணேற்றிய வில்லைப் போல விறைத்து நிற்கும், அதன் நுனியில் இருக்கும் இரும்பு முனையைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் தெரியும். பாறை ஒன்றில் ஒரு சக்கரம் ஏறி, எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் தொங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஹோஸ் இழுபடுகிறது. என்ஜினின் சக்தியைச் சக்கர அச்சுக்குக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடுவதால், அதன் முனையில் இருக்கும் கிராஸ் என்ற இணைப்பு சீக்கிரம் தேய்கிறது. ஈர்ப்பு மையம் மேலேறுவதால் வளைவில் கவிழும் வாய்ப்பு அதிகரிப்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஹோஸின் கதை சக்கரம் தொங்கும்போதுதான் வெளிப்படும். பிரேக்கை உருளையில் ஏற்றி அளக்கும் இயந்திரம், நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கும் வண்டியைத்தான் அளக்கிறது.

கம்பிக் கூண்டைப் பொறுத்தவரை எனக்கு இரு கருத்து இல்லை. மோதலின்போது நசுங்கி அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய முன்பகுதிக்கு முன்னால், சேசிஸோடு நேராக முடுக்கிய கனத்த குழாயை வைத்தால், அதிர்ச்சி உள்ளே இருப்பவர்களை நோக்கி வரும். காற்றுப்பைகள் விரிய வேண்டிய நேரமும் பிசகலாம். நடந்து செல்பவரின் கதியைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. கூரை விளக்குப் பட்டையும் அப்படியே. வெளிச்சத்தைக் கீழ்நோக்கி வெட்டி அனுப்பும் அமைப்பு அதில் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வருபவருக்குச் சில நொடிகள் சாலையே மறைந்துபோகும்.

மறுபுறம், நியாயமான தேவைகளும் உண்டு. தேயிலை, ஏலத் தோட்டங்களில் மழைக்காலம் முழுவதும் சேற்றில் ஓடும் வண்டிக்குச் சேற்று டயரும், அடிப்பகுதியைப் பாறையிலிருந்து காக்கும் தகடும், சிக்கிக்கொண்டால் இழுத்தெடுக்க உறுதியான கொக்கியும் வேண்டும். (நம் தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளில் பல பழைய மஹிந்திரா வண்டிகள்தாம். அவை ஏறுவது நான்கு சக்கர இயக்கத்தாலும், தாழ்ந்த கியராலும், ஓட்டுநரின் நிதானத்தாலுமே தவிர வண்டியை ஐந்தங்குலம் உயர்த்தியதால் அல்ல என்பதை இளைஞர்கள் நேரில் பார்த்தால் நல்லது.) இத்தகைய தேவைக்காக மாற்றம் செய்பவரையும், நகரத்துச் சாலையில் படம் காட்டுவதற்காகச் செய்பவரையும் ஒரே பார்வையில் பார்ப்பதால்தான், இருவருமே எஃப்.சி. நாளில் கழற்றி மாட்டும் வித்தையில் இறங்குகிறார்கள்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. வாகன மாற்றங்களுக்கான தரம், ஒப்புதல், பொருத்தும் முறை ஆகியவற்றை மத்திய அரசு விதிகளாக வகுக்கலாம் என்று 52ஆவது பிரிவே இடம் தருகிறது. சி.என்.ஜி. கருவி விஷயத்தில் அதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள்: ஒப்புதல் பெற்ற கருவியைப் பொருத்திப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொண்டால் வண்டி சட்டப்படி ஓடலாம். எரிவாயு உருளையையே பின்னால் வைத்துக்கொள்ள ஒழுங்கான நடைமுறை காண முடிந்த நமக்கு, டயர் அளவுக்கும் ஸ்பிரிங்குக்கும் காண முடியாதா? சென்னையை அடுத்த ஒரகடத்தில் உலகத் தரமான வாகனச் சோதனை மையம் இருக்கிறது. அங்கே ஒரு ஸ்பிரிங் தொகுதியை, அதற்குரிய ஷாக் அப்சார்பர், ஹோஸ் ஆகியவற்றோடு சேர்த்துச் சோதித்து, இன்ன வண்டிக்கு இவ்வளவு உயரம் வரை ஏற்கத்தக்கது என்று சான்றளிக்கலாம். ஜெர்மனியில் பாகத்தோடு வரும் ஒப்புதல் ஆவணத்தையோ நிபுணரின் ஆய்வையோ வைத்துத்தான் மாற்றங்கள் ஏற்கப்படுகின்றன. ஆஸ்திரேலிய மாநிலங்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டி உயர்த்தினால் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளரின் சான்று தேவை.

விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்கியப் பாதுகாப்பு பாகம் என்று அறிவிக்கப்பட்டவற்றைத் தரமின்றி விற்றால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ விதிக்க அதே 2019 திருத்தம் இடம் தருகிறது. ஆனால் சாலையில் நிறுத்தப்படுவது எப்போதும் வாங்கியவர்தான். ரசீதில்லாமலும், தயாரித்தவர் பெயரில்லாமலும் வரும் சக்கர ஸ்பேசர்களை (சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் வளையங்களை) இணையத்தில் யாராலும் வாங்க முடிகிறது. அவற்றை மாட்டித் தரச் சொல்லி என்னிடம் வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த தெருவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது இரண்டு. எந்த மாற்றம் அனுமதியின்றிச் செய்யத்தக்கது, எதற்கு முன் ஒப்புதல் வேண்டும், எது அறவே கூடாது என்று எளிய தமிழில் ஒரு பட்டியலை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒட்டுவதோடு, ஒப்புதல் விதிகளை வகுக்குமாறு மத்திய அமைச்சகத்துக்கு முறைப்படி எழுத வேண்டும். இரண்டாவதாக, எஃப்.சி. வழங்கும்போது டயரின் அளவையும், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தையும் அளந்து, படத்தோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சோதனைச் சாவடியில் நிறுத்தும் காவலர் ஒரு டேப்பைக் கொண்டே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
தேனி மாவட்டம்.