புகார் வரவில்லை என்பதால் புகை இல்லை என்று ஆகாது

ஊரக உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கட்டடங்களுக்குள் புகைபிடிக்கத் தடை என்று பலகை மாட்டிவிட்டீர்கள். பல இடங்களில் அந்தப் பலகைக்குக் கீழேயே சாம்பல் கிண்ணமும் இருக்கிறது.

நகரத்தில் முன்பின் தெரியாதவரிடம் "அணையுங்கள்" என்று சொல்லிவிடலாம். சிற்றூரில் புகைப்பவர் உறவுக்காரராக இருப்பார், கடன் கொடுத்தவராக இருப்பார், நாளைக்கு வேலை தரப்போகிறவராகவும் இருக்கலாம். புகார் எழுதியது யார் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்படியிருக்க, புகார் வராததைச் சட்டம் மதிக்கப்படுவதற்குச் சான்றாக அறிக்கையில் எழுதுவது யாரை ஏமாற்ற?

பொறுப்பை அண்டை வீட்டாரிடமிருந்து எடுத்து, கட்டடத்தை நடத்துபவரிடம் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில், பிறர் விடும் புகையிலிருந்து மக்களைக் காப்பதற்கான 8ஆம் பிரிவுக்கென 2007இல் ஏற்கப்பட்ட வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன. சாம்பல் கிண்ணங்களை அகற்றுவதும் புகைப்பவரைத் தடுப்பதும் உரிமையாளர் அல்லது மேலாளரின் கடமை. அபராதமும் தனி ஆளைவிட நிறுவனத்துக்கே கூடுதலாக இருக்க வேண்டும். புகாரை ஊருக்கு வெளியே உள்ள ஓர் அலுவலகம் தொலைபேசியில் பெறட்டும். இதற்கென்று புதிய ஆட்கள் தேவையில்லை. சுகாதார ஆய்வுக்கோ உரிமம் புதுப்பிக்கவோ வரும் அதிகாரியே இதையும் பார்க்கலாம்.

"ஜன்னல் திறந்திருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பிறர் விடும் புகையில் ஆபத்தற்ற அளவு என்று ஒன்றில்லை, காற்றோட்டம் அதை முழுமையாக நீக்காது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகவே கூறுகிறது. புகைப்பவருக்குத் தனி அறை கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள ஹெலினா என்ற சிறு நகரில் 2002இல் இந்தத் தடை ஆறு மாதம் மட்டுமே நடப்பில் இருந்தது. மற்ற ஆண்டுகளில் அதே ஆறு மாதத்தில் மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்கள் சராசரியாக 40 பேர். அந்த ஆண்டு 24 பேர். சிறிய எண்கள்தான், இதை மட்டும் வைத்து எல்லாம் முடிவாகிவிடாது. ஆனால் நீதிமன்றம் தடையை நிறுத்தியதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது.

முதல் ஆய்வை உங்கள் கூட்ட அரங்கிலும் தலைவர் அறையிலும் நடத்துங்கள். எந்தக் கட்டடத்துக்கு யார் பொறுப்பு என்ற பட்டியலை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகப் பதிந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
புகைக்காத ஒரு வாசகர்