ஞாயிற்றுக்கிழமையா வந்து இறங்குகிறாள்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில், இரண்டாவது தடவை கேள்விகளை எண்ணுவதற்கு. நம் விடுதி அறையில் கொசுவலைக்குள் உட்கார்ந்து இயற்பியல் பரீட்சைக்கு உருப்போட்டவர்கள் நாம். இப்போது உன் பெண் அதே இயற்பியலுக்காக ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடக்கும் மாணவர் மாநாட்டில் தன் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைக்கப் போகிறாள். அவளைக் கடைசியாகப் பார்த்தபோது முன்பல் இரண்டும் இல்லை. காலம் ஓடியிருக்கிறது, சரி.

பயணத்தைப் பற்றி நீ கேட்ட பத்துக் கேள்விகளில் ஒன்பது விசாவைப் பற்றியவை. மிச்சம் ஒன்று, குளிருமா என்பது. ஆகஸ்டில் குளிராது. இங்கே பதிவு மேசையில் உட்கார்ந்து பெயர் அட்டை எடுத்துக் கொடுப்பது சில வருடங்களாக என் வேலையாகிவிட்டது. அந்த மேசைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கெல்லாம் விசா இருக்கிறது. ஆனால் பாதிப் பேரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், முந்தின நாள் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வந்து இறங்குகிற அந்த ஒரு நாளைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அவளுக்கு வேண்டியது குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். கோடையில் முன்பதிவு நேரம் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே இப்போதே ஆரம்பிக்கச் சொல். கட்டணம் 90 யூரோ, விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாகவும், அவள் ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடு.

இதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெயரில். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். மாநாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒருத்தி அப்பா பெயரைப் போடுவாள், ஒருத்தி ஒற்றை எழுத்தைப் போடுவாள், இன்னொருத்தி தன் பெயரையே இரண்டு தடவை போடுவாள். அப்புறம் அழைப்புக் கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விமானச் சீட்டில் மூன்றாவதாக ஒன்று. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே எல்லா இடத்திலும் போடச் சொல். அழைப்புக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் போட்டால் உடனே பதில் வரவில்லை என்று பதற வேண்டாம். இதை நடத்துகிறவர்களும் மாணவர்கள்தான், அவர்களுக்கும் பரீட்சை உண்டு. ஒரு வாரம் கழித்துத் தன்மையாக நினைவூட்டினால் போதும்.

மாநாடு முடிந்ததும் லண்டன் தோழி வீட்டுக்குப் போக நினைக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைக் கொஞ்சம் நிறுத்திவை. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும் என்பது ஒரு பக்கம். இவளுக்கு ஒருமுறை நுழைவு விசாதான் கொடுத்திருந்தால், லண்டன் போனவள் திரும்பி ஜெர்மனிக்குள் வரவே முடியாது, ஊர் திரும்பும் விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் காத்திருந்தாலும். ஆசையாக இருந்தால் பாரீஸ் போகட்டும், சுவிட்சர்லாந்து போகட்டும், இரண்டும் ஷெங்கன்தான். ஆனால் பாரீஸில் தங்கும் நாட்கள் ஜெர்மனியில் தங்குவதைவிட அதிகமானால் பிரெஞ்சுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சுவிட்சர்லாந்தில் பணமும் வேறு, ஐரோப்பிய சிம் கார்டின் ரோமிங் பல சமயம் அங்கே செல்லாது.

விசா முடிந்தது. இனி என் கதை.

அவள் ஞாயிறு மதியம் இறங்குகிறாள் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிறா! இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. கூட்டம் குறைவு என்றோ பாதி நாள் என்றோ நினைத்துக்கொள்ளாதே, சூப்பர் மார்க்கெட்டே பூட்டிக் கிடக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகளும் சில பேக்கரிகளும் உணவகங்களும்தான் திறந்திருக்கும். நான் வந்த முதல் ஞாயிறு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஆறு பங்காக வைத்துச் சாப்பிட்டேன். அதனால் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் வேண்டியதை ஊரிலிருந்தே பையில் போட்டு அனுப்பு, அல்லது விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளட்டும்.

குடிநுழைவில் இப்போது முத்திரைக்குப் பதில் முகத்தைப் படமெடுத்துக் கைரேகையும் எடுக்கிறார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய ஏற்பாடு. வரிசை மெதுவாக நகரலாம். எதற்கு வந்தாய், எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய் என்று கேட்பார்கள். அழைப்புக் கடிதம், தங்குமிடச் சீட்டு, திரும்பும் டிக்கெட், காப்பீடு எல்லாம் காகிதத்தில், கைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அங்கே நின்று விழித்த பிள்ளைகளின் கதை எனக்கு நிறையத் தெரியும்.

அடுத்தது ரயில். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. பக்கத்து ஊர்களுக்குப் போகிற வண்டிகளுக்கு ஒன்று, தூர வண்டிகளுக்கு ஒன்று. தூர வண்டிகள் நிற்பதற்கு ‘ஃபெர்ன்பான்ஹோஃப்’ என்று பெயர். அங்கே ஏறி, அரை மணி நேரத்தில் மான்ஹைம், அங்கே வண்டி மாறினால் கால் மணி நேரத்தில் ஹைடல்பெர்க். மலிவாக இருக்கிறதே என்று முன்கூட்டி வாங்கும் டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். ரயில் தாமதமாகி அடுத்த வண்டியைத் தவறவிட்டால் அந்தக் கட்டுப்பாடு விலகிவிடும். விமானம் தாமதமாகி வண்டியைத் தவறவிட்டால் விலகாது, டிக்கெட் வெறும் காகிதம்தான். ஆகவே வரும்போது எந்த வண்டியிலும் ஏறக்கூடிய டிக்கெட்டாக வாங்கச் சொல். போகும்போது வேண்டுமானால் மிச்சம் பிடிக்கட்டும்.

ஊருக்குள் ட்ராமில் ஏறும்போது இன்னொன்று. வாங்கும்போதே நேரம் அச்சாகி வரும் டிக்கெட்டும் உண்டு, நாமே பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டியதும் உண்டு. இது தெரியாமல், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நான் அபராதம் கட்டினேன். அப்போது 40 யூரோ, 2015-லிருந்து 60. பரிசோதகர் சாதாரண உடையில்தான் வருவார். ‘புதுசு, தெரியாது’ என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் அதையேதான் சொல்வார்களாம்.

ரயில் நிலையம் பழைய நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அறிவியல் துறைகளோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாய்யன்ஹைமர் ஃபெல்ட் என்ற வளாகத்தில். ‘பல்கலைக்கழகம்’ என்று மட்டும் கேட்டால் பழைய நகரத்துச் சதுக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள், படம் எடுக்க அழகாக இருக்கும், மாநாடு இருக்காது. முழு முகவரியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் மாநாட்டில் தங்குமிடம் பெரும்பாலும் இளைஞர் விடுதிதான். ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர். துண்டு கொடுப்பார்கள் என்று நம்பி வர வேண்டாம். ஒரு சின்னப் பூட்டும் கொண்டுவரட்டும். இங்கும் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, ஓர் அடாப்டர் வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், அதன் கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் இருந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவள் கல்லூரியில் எடுரோம் என்ற, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான வைஃபை இருந்தால் அங்கேயே போனில் அமைத்துக்கொண்டு வரட்டும். இங்கே வந்ததும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

போஸ்டர் ஏ0 அளவு என்றால் 841 × 1189 மில்லிமீட்டர். நெட்டுவாக்கா படுக்கைவாக்கா என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். பலகை நெட்டாக இருந்து போஸ்டர் படுக்கையாக வந்தால் இரண்டு பக்கமும் காற்றில் ஆடும். குழாயில் சுருட்டி வருகிறவர்கள் அதை விமானத்தின் மேல்தட்டிலேயே மறந்துவிடுவார்கள். துணியில் அச்சடித்தால் சட்டை மாதிரி மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

பணம். கார்டு கொடுத்தால் இயந்திரம் சில சமயம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா’ என்று பாசமாகக் கேட்கும். வேண்டாம், யூரோவிலேயே. அந்தப் பாசத்துக்குத் தனி விலை உண்டு. சின்னக் கடைகளில் ரொக்கம் வேண்டியிருக்கும். ‘கார்டு வாங்குவோம்’ என்று பலகை வைத்த கடையிலும் ஜெர்மன் வங்கி அட்டையை மட்டும் வாங்குகிறவர்கள் உண்டு. ரயில் நிலையக் கழிப்பறைக்குக்கூடச் சில்லறை வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடையின் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரே தாராளமாகக் குடிக்கலாம். கடையில் பார்க்காமல் எடுத்தால் சோடா மாதிரி காற்று அடைத்த தண்ணீர்தான் மாட்டும், ‘ஸ்டில்’ என்று போட்டிருப்பதை எடுக்க வேண்டும்.

பயண உதவித்தொகை கிடைத்திருக்கிறது என்றாயே, கைக்கு எப்போது வரும் என்று கேட்டாளா? பல இடங்களில் செலவு செய்து ரசீது கொடுத்த பிறகுதான் வரும். போர்டிங் பாஸைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. வங்கி விவரத்தில் ஐபேன் என்ற சர்வதேசக் கணக்கு எண் கேட்பார்கள், நம் நாட்டு வங்கிகளுக்கு அது கிடையாது. கணக்கு எண்ணோடு, வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, இதுதான் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால் மருத்துவர் சீட்டோடு வரட்டும். நம் ஊர் மாதிரி ஆன்டிபயாட்டிக்கை மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்க முடியாது. ஆபத்துக்கு 112, போலீசுக்கு 110. உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல், வயிற்றுவலி ராத்திரியில் வந்தால் 116117.

இனி எனக்குப் பிடித்த விஷயம். நிகழ்ச்சி நிரலில் 10 மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று போட்டிருந்தால் 10:15 என்று அர்த்தம். லத்தீன் சுருக்கெழுத்து, பல்கலைக்கழகக் கால் மணி என்று பழைய வழக்கம். ‘எஸ்.டி.’ என்றிருந்தால் பத்து என்றால் பத்துதான். ஒன்றும் போடாவிட்டாலும் பத்துக்கே போய்விடட்டும்.

பேச்சு முடிந்ததும் இங்கே கை தட்ட மாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் தடவை நான் பேசி முடித்ததும் அறை முழுக்க டக் டக் டக் என்று சத்தம். என்னை எழுந்து போகச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன்! அவசரமாகக் காகிதத்தை அள்ளிக்கொண்டு இறங்கப் போனவளை, கேள்வி நேரம் இருக்கிறது என்று பேராசிரியர் பிடித்து நிறுத்தினார். வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறைய வரும் கூட்டத்தில் சிலர் கை தட்டுவார்கள், சிலர் மேசை தட்டுவார்கள். உன் பெண் பயப்படாமல் இருந்தால் சரி.

ஒரு மாலையை மட்டும் எனக்கு ஒதுக்கச் சொல். பழைய நகரத்தின் ஹாப்ட்ஷ்ட்ராஸெ என்ற தெருவில் ஒரு கட்டடத்தின் சுவரில் இயற்பியலாளர் கிர்ஹோஃப், வேதியியலாளர் புன்சன் பெயர் சொல்லும் பலகை இருக்கிறது. நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியைப் பார்த்து, 1860-இல் சீசியம் என்ற தனிமத்தையும் அடுத்த வருடம் ருபீடியம் என்ற தனிமத்தையும் அவர்கள் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான். கிர்ஹோஃப் விதியை மனப்பாடம் செய்ய முடியாமல் நீ அழுத ராத்திரியை அங்கே நின்று அவளிடம் சொல்லப் போகிறேன். பக்கத்திலேயே பழைய மாணவர் சிறையும் இருக்கிறது. குடித்துக் கலாட்டா செய்த மாணவர்களைப் பல்கலைக்கழகமே 1914 வரை அடைத்து வைத்த இடம், சுவர் முழுக்க அவர்கள் வரைந்த படங்கள்.

விமான எண்ணை அனுப்பு. ஞாயிறுதானே, நானே ஃபெர்ன்பான்ஹோஃபில் நிற்கிறேன். ஆனாலும் மேலே எழுதியதை அவளே படிக்கட்டும், என் ரயில் தாமதமானால் அவள்தான் சமாளிக்க வேண்டும். இங்கே எங்களுக்கும் அங்கே உங்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். உனக்குக் காலை ஆறு என்றால் அவளுக்கு ராத்திரி இரண்டரை, விடிந்ததும் போன் போடாதே.

எனக்கு என்ன கொடுத்து அனுப்ப என்று கேட்டிருக்கிறாய். நெய் வேண்டாம். வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை, சுங்கத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஊறுகாய் கொடு. பெரிய பெட்டியில் வைக்கட்டும், கைப்பையில் வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டு, அந்தத் துணிப் போஸ்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி