மஞ்சள் விளக்குக்கும் அதே சட்டம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு வாகனங்கள் விளக்குகள் மின்ன வீதியோரம் நின்றால் வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கார் ஓட்டும் எம்மவர்களில் அநேகருக்குத் தெரியும். ஆனால், மஞ்சள் விளக்கு மின்ன நின்று வேலை செய்யும், பழுதான கார்களை ஏற்றிச் செல்லும் இழுவை வாகனங்களுக்கும் 2015 செப்டெம்பர் முதல் இதே சட்டம் பொருந்துகிறது என்பதைப் பலர் இன்னமும் அறியாதிருப்பதும், அறிந்தவர்களிற் சிலர் அதைப் பொருட்படுத்தாமல் விரைவதும் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன.

சென்ற குளிர்காலத்தில் 401 நெடுஞ்சாலையில் எனது கார் பழுதாகி நின்றபோது, உதவிக்கு வந்த இளைஞர் காரை மேலே ஏற்றியபின் இடப்பக்கச் சில்லுகளுக்குப் பட்டி கட்டவேண்டியிருந்தது. அந்தப் பக்கம்தான் வாகனங்கள் பறக்கும் பக்கம். அவர் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி, பனிச்சேற்றில் நின்று பட்டியை இறுக்கிக்கொண்டிருக்க, அடுத்த தடம் வெறுமையாக இருந்தும் கார்கள் அவரை உரசுவதுபோல் போயின. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர். கால் இடறினால் விலகிக்கொள்ள அவருக்கு ஏது நேரம்?

சட்டம் கேட்பது பெரிதொன்றுமில்லை. வேகத்தைக் குறைத்து, அவதானமாகக் கடக்க வேண்டும். ஒரே திசையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால், பாதுகாப்பாக மாற முடியுமானால் அடுத்த தடத்துக்கு மாற வேண்டும். மாற முடியாத நெரிசலில் வேகத்தைக் குறைத்தால் போதும். விளக்கு கண்ணில் பட்டவுடனேயே கண்ணாடியைப் பார்த்துச் சைகை விளக்கைப் போடாமல், கடைசி நொடியில் திடீரெனப் பிரேக் அடிப்பது பின்னால் வருபவருக்கே ஆபத்து.

மீறுவோருக்கு முதற்தடவையிலேயே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும், சாரதியின் பதிவில் சேரும் மூன்று குற்றப் புள்ளிகளும் உண்டு. ஆயினும் தண்டத்துக்குப் பயந்து மட்டும் செய்யவேண்டிய காரியமல்ல இது.

வேறு நாடுகளில் ஓட்டிப் பழகி இங்கு வருவோர் ஆண்டுதோறும் கூடிவருகின்றனர். எமது தமிழ்ச் சாரதிப் பயிற்சியாளர்கள் நெடுஞ்சாலைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும்போது இவ்விதியைத் தனியே எடுத்து விளக்க வேண்டும் என்றும், பனி கொட்டத் தொடங்குமுன் தங்கள் பத்திரிகை இதைப் படத்துடன் வெளியிட வேண்டும் என்றும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ