முட்டை காத்துக் கிடப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கருவுறுதல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படிப்பட்ட விஷயங்களை எளிய தமிழில் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அதில், காத்துக் கிடக்கும் முட்டைக்கு விந்தணு வந்து உயிர் கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. பக்கத்தில் ஒரு படம். அந்தப் படத்தில் விந்தணுவின் தலை முட்டையில் கால்வாசிக்கு இருந்தது. வரியும் தவறு, படமும் தவறு.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்தியவன் இல்லை. நுண்ணோக்கியைத் துடைத்து வைப்பது, ஸ்லைடு எடுத்துக் கொடுப்பது, இன்குபேட்டரில் கோழி முட்டை வைத்து 24, 48, 72 மணி நேரக் கருக்களை எடுத்துக் கொடுப்பது, இதுதான் என் வேலை. ஆனால் கருவியல் பாடத்தைப் பின்வரிசையில் நின்று வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் அது சம்பந்தமாக எது கிடைத்தாலும் படிக்கிறேன்.

படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மனித முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர்களுக்கு வெறுங்கண்ணிலேயே ஒரு புள்ளியாகத் தெரியும். விந்தணுவின் தலை நீளம் 0.005 மில்லிமீட்டர்தான், அதாவது முட்டையின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு. இத்தனை பெரிய செல்லுக்குள் என்னதான் இருக்கிறது என்ற கேள்வி, சரியான அளவில் படம் போட்டாலே வாசகருக்கு வந்துவிடும்.

இனி அந்த வரி. முட்டை தன் வேலையை நிறுத்தி வைத்திருப்பது உண்மை. நம் அம்மா ஆச்சி வயிற்றில் இருந்தபோதே நம்மை உண்டாக்கிய முட்டை உருவாகத் தொடங்கி, பாதிப் பிரிவில் நின்றுவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அது முதிரும்போது, குரோமோசோம்களில் ஒரு பங்கைத் துருவ உறுப்பு என்ற சிறு செல்லில் வைத்து வெளியே தள்ளுகிறது. அந்தப் பிரிவில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் அமைப்பு முட்டையின் ஓரத்துக்கு நகர்ந்து நிற்பதால்தான், போகிற செல் சிறியதாகவும் மிச்சம் பெரியதாகவும் இருக்கின்றன. குரோமோசோம் பாதி போனாலும், செல்லை நிறைத்திருக்கும் கூழான சைட்டோபிளாசம் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்புறம் இரண்டாம் பிரிவையும் தொடங்கி, நடுவில் நிறுத்தி, விந்தணுவுக்காக நிற்கிறது. சேமிப்பு முழுவதையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த அடிக்குத் தயாராக நிற்கும் நிலை இது. இதற்குள் உயிர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

விந்தணு வந்து ஒட்டியதும் முட்டைக்குள் கால்சியம் எழும்புகிறது. அதைத் தொடங்கி வைக்கும் புரதத்தை விந்தணு கொண்டுவருகிறது. 2002இல் அடையாளம் கண்டார்கள், பி.எல்.சி. ஸீட்டா என்று பெயர். மீன் முட்டையில் இந்தக் கால்சியம், விந்தணு நுழைந்த இடத்திலிருந்து எதிர்முனை வரை ஒரே அலையாகப் போகிறது. பாலூட்டிகளில் ஓர் அலையோடு முடிவதில்லை, மணிக்கணக்கில் விட்டு விட்டு வருகிறது. எலி முட்டையில் ஒவ்வொரு துடிப்போடும் உள்ளே இருக்கும் சைட்டோபிளாசமே அசைவதை 2011இல் படம்பிடித்துக் காட்டினார்கள். அலை போகும்போதே, ஓரத்தில் அடுக்கியிருந்த நுண்ணிய பைகள் வெடித்து வெளிச் சுவரை மாற்றிவிடுகின்றன, இன்னொரு விந்தணு நுழைய முடியாது. உவரி, இடிந்தகரைக் கடலோரத்துக்காரர்களுக்குத் தெரிந்த முள் பந்து போன்ற கடல் முள்ளெலியின் முட்டையில், ஒரு நிமிடத்துக்குள் சுற்றிலும் ஒரு சவ்வு தூக்கிக்கொள்வதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். நின்றிருந்த இரண்டாம் பிரிவும் இப்போது முடிகிறது, இன்னொரு துருவ உறுப்பு வெளியே போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தவளை முட்டைதான். அந்தக் காலத்தில் கல்லூரிகளில் தவளைக்கு பிட்யூட்டரி ஊசி போட்டு முட்டை எடுத்துக் காட்டுவார்கள். கண்ணாடித் தட்டில் பிதுக்கி விட்டதும் முட்டைகள் கண்டபடி கிடக்கும். ஒன்றில் கருத்த பக்கம் மேலே, ஒன்றில் பக்கவாட்டில், ஒன்றில் வெளுத்த பக்கம் மேலே. விந்து கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சவ்வு தூக்கிக்கொண்டு இடம் கிடைத்ததும், கருவுற்ற முட்டைகள் கனமான வெளுத்த பக்கம் கீழே போக ஒவ்வொன்றாகத் திரும்பும். கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்கக் கருப்பாகிவிடும். திரும்பாமல் கிடப்பது கருவுறாதது. "இது கனம் பண்ணுற வேலை, உள்ள நடக்கிறது வேற, அத நாம பாக்க முடியாது" என்று எங்கள் துறைப் பேராசிரியை அப்போது சொல்வார்.

உள்ளே நடப்பது இதுதான். முதல் பிளவு வருவதற்கு முன்பே, முட்டையின் வெளி அடுக்கு உள்ளிருக்கும் பொருளை விட்டுத் தனியே நழுவி, ஏறத்தாழ 30 டிகிரி சுழல்கிறது. பழுத்த புளியில் ஓடு தனி, பழம் தனி என்று நிற்குமே, அதுபோலத்தான். அடிப்பக்கத்தில் ஒரே திசையில் வரிசையாக அமையும் நுண்குழல்கள் என்ற புரத இழைகள் இந்தச் சுழற்சிக்குத் தண்டவாளம். அடியில் தாய் வைத்திருந்த சில பொருள்கள் இந்த நகர்வில் ஒரு பக்கமாக மேலே போகின்றன. எந்தப் பக்கம்? விந்தணு நுழைந்த இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கம். சில தவளை இனங்களில் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பிறை தெரியும். அந்தப் பக்கம்தான் பிற்பாடு முதுகாகிறது. முதுகு எது, வயிறு எது என்பது ஒரே செல்லாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. முட்டையின் அடியில் புற ஊதாக் கதிர் பட்டுச் சுழற்சி நின்றுபோனால், தலையும் முதுகும் இல்லாமல் வெறும் வயிற்றுத் திரளாகக் கரு வளரும். அதே முட்டையை உரிய நேரத்தில் சாய்த்து வைத்தால், உள்ளிருக்கும் பொருள் தன் கனத்தில் சரிந்து, முதுகு திரும்பக் கிடைத்துவிடும்! இதை முதன்முதலில் படித்த அன்று நான் சரியாகத் தூங்கவில்லை.

இந்த முதுகுப் பக்கத்தின் சக்தியை 1924இல் வெளியிட்டவர்கள் ஹான்ஸ் ஸ்பீமானும் அவர் மாணவி ஹில்டே மாங்கோல்டும். நியூட் என்ற நீர்வாழ் உயிரியின் கருவில் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்ட, அங்கே இரண்டாவதாக ஒரு முதுகும் தலையும் உருவாயின. ஸ்பீமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. கையால் அந்த வேலையைச் செய்த ஹில்டே, கட்டுரை வந்த அதே ஆண்டு தீ விபத்தில் இறந்துவிட்டார். வயது 25. ஆய்வகத்தில் இருந்தவன் என்பதால் அந்தப் பெயரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கோழி முட்டையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அகன்ற முனை இடது கைப்பக்கம் இருக்கும்படி முட்டையைப் படுக்க வைத்து ஓட்டைத் திறந்தால், பெரும்பாலும் கருவின் தலை நம்மை விட்டு அப்பால் பார்த்துக் கிடக்கும். இந்த விதியைச் சொன்னவர் கருவியல் அறிஞர் ஃபான் பேயர். 1827இல் பாலூட்டியின் முட்டையை முதலில் கண்டவரும் அவரே. முட்டை கோழியின் கருப்பையில் ஓடு கட்டிக்கொண்டு மெல்ல உருளும்போது, புவியீர்ப்பே தலை எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிடுகிறது. அடை வைக்கும் முன்பே, முட்டை இடும் முன்பே அது நடந்துவிடுகிறது.

மனிதருக்கு வருவோம். என் அக்கா மகள் மதுரைப் பக்கம் ஒரு கரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். முட்டையையும் விந்தணுவையும் சேர்த்த மறுநாள் காலை அவள் முதலில் தேடுவது, அருகருகே இரண்டு வட்டங்கள். தாயின் உட்கருவும் தந்தையின் உட்கருவும் அவை. ஓரத்தில் இருந்தவை நடுவுக்கு வந்து சேர, தந்தை கொண்டுவந்த சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்பிலிருந்து கிளம்பும் நுண்குழல்கள் வழி. உள்ளே வந்ததும் இரண்டும் கலந்துவிடும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். எலிக் கருவில் முதல் பிரிவின்போதும் தாயின் குரோமோசோம்களுக்கு ஒரு கதிர், தந்தையினுடையவற்றுக்கு ஒரு கதிர் என்று தனித்தனியே அமைவதை 2018இல் காட்டினார்கள். மூன்றாம் நாள் எட்டு செல் ஆகும்வரை கரு பெரும்பாலும் ஓடுவது முட்டை சேர்த்து வைத்த ஆர்.என்.ஏ.விலும் புரதத்திலும்தான். நான்கிலிருந்து எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான் குழந்தையின் சொந்த மரபணுக்கள் முழு வேகத்தில் வேலையைத் தொடங்குகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தாயிடமிருந்தே வருகிறது.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணுக்குக் கரு மூன்றாம் நாளோடு நின்றுவிட்டது. "விதை நல்ல விதைதான், நிலம்தான் சரியில்ல" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். உங்கள் கட்டுரையின் வரி சொல்வதும் அதையேதான். முட்டை நிலம் இல்லை. இப்படிச் சொன்னால், இத்தனை வேலையும் முட்டையே செய்கிறது என்றால் தவறும் அவளுடையதுதானே என்று கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இல்லை. ஆய்வகத்தில் வளரும் மனிதக் கருக்களில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஐந்தாம் நாளை எட்டுவதே இல்லை. குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது பெரிய காரணம். வயது ஏற ஏற அது அதிகமாகும். அதை யாரும் செய்வதில்லை, யாராலும் தடுக்கவும் முடியாது. தந்தையின் விந்தணுவில், கால்சியத்தைத் தொடங்கி வைக்கும் அந்தப் புரதம் குறைந்தால் நல்ல முட்டைகூட விழித்துக்கொள்ளாது. அப்போது ஆய்வகத்தில் மருந்து கொடுத்துக் கால்சியத்தை எழுப்பிப் பார்க்கிறார்கள். ஆகவே இருவருக்கும் பரிசோதனை வேண்டும், பழி யாருக்கும் வேண்டாம். இதை உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு மருத்துவரைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். படத்தையும் சரியான அளவில் வரைந்து போடுங்கள்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு மறுநாள் விடியும் முன் பாளையங்கால்வாய் ஓரம், வயல் வாய்க்கால் ஓரம் பார்த்தால் தேரை முட்டை சரம் சரமாகக் கிடைக்கும். ஒரு சிறு துண்டு போதும். அதே வாய்க்கால் தண்ணீரில், நிழலில், அகலமான பாத்திரத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும். கை லென்ஸ் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளைகளை வரைய விடுங்கள். சீக்கிரம் எடுத்திருந்தால் பிளவுக் கோடுகளே தெரியும். தலைப்பிரட்டை வெளிவந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
பாளையங்கோட்டை.